வீட்ல செய்யுற சின்ன எலக்ட்ரானிக்ஸ்ல லித்தியம் பேட்டரி சார்ஜிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயித்துக்கிழமை ஆனா போதும், போனுக்கு ஒரு போட்டோ வந்துரும். நீலக் கலர்ல கட்டைவிரல் சைஸ்ல ஒரு போர்டு, அதுல சிவப்பு லைட், ரெண்டு ஒயர்ல தொங்குற ஒரு செல், கீழ "அண்ணா இது ஓகேவா?"ன்னு ஒரே ஒரு வரி. ஓகேவா இல்லையான்னு போட்டோவைப் பாத்து எப்படி சொல்றது, மீட்டர் வச்சுப் பாத்தியான்னு கேட்டா மீட்டர் இல்லைங்கறாங்க. அதான் வர்ற கேள்வி எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடலாம்னு உக்காந்தேன். நான் பேட்டரி இன்ஜினியர் இல்ல, மொட்டைமாடி ரூம்ல ஒரு டேபிள் போட்டு நோண்டிட்டு இருக்கற ஆளு, இதுல பாதி படிச்சது, மீதி நானே கெடுத்துக் கத்துக்கிட்டது. மல்டிமீட்டர் இல்லாதவங்க முதல்ல அதை வாங்கிட்டு வாங்க, செல் அப்புறம் வாங்கிக்கலாம்.

3.7ன்னு எழுதியிருக்கு, 4.2ங்கறாங்க, எதை நம்பறது?

ரெண்டுமே சரிதான். 3.7 வோல்ட்ங்கறது சராசரி, பேருக்கு. சாதாரண லித்தியம் அயான் செல் ஃபுல்லா இருந்தா 4.2, வேலை செய்யும்போது பெரும்பாலான நேரம் 3.6, 3.7 பக்கம் சுத்தும், 3 வோல்ட் வந்துட்டா காலின்னு வச்சுக்கலாம். 4.2ங்கறது சுவரு. அதுக்கு மேல தள்ளினா உள்ள தேவையில்லாத ரசாயனம் எல்லாம் ஆரம்பிச்சுடும், செல் சூடாகும், உப்பும், மோசமா போனா தீப்பிடிக்கும். பழைய லெட் ஆசிட் பேட்டரி மாதிரி "கொஞ்சம் ஓவரா ஏறினா என்ன"ங்கற பேச்சே இங்க கிடையாது.

5 வோல்ட் போன் சார்ஜரை நேரா செல்லுல மாட்டினா என்ன ஆகும்? போனை அதுலதானே சார்ஜ் பண்றோம்?

போன் சார்ஜர்னு நாம சொல்றது உண்மையில சார்ஜரே இல்ல, அது வெறும் 5 வோல்ட் சப்ளை. சார்ஜர் போனுக்குள்ள இருக்கு. அந்த உள்ள இருக்கற வேலையைத்தான் நம்ம ப்ராஜெக்ட்ல டிபி4056ங்கற சின்ன சார்ஜர் மாட்யூல் செய்யுது, மேல சொன்ன நீலப் போர்டு அதுதான். குடத்துல தண்ணி பிடிக்கறோம்ல, கழுத்து வரைக்கும் குழாயை நல்லா திறந்து விட்டு, கழுத்து வந்ததும் குறைச்சு, வழியறதுக்கு முன்னாடி நிறுத்துவோம், அதே மாதிரி மாட்யூல் முதல்ல ஒரே அளவு கரண்ட்டா தள்ளும், 4.2 வந்ததும் வோல்டேஜை அங்கயே பிடிச்சுக்கிட்டு கரண்ட் தானா குறைய விடும், முதல் கரண்ட்ல பத்துல ஒரு பங்குக்கு இறங்கினதும் நிறுத்திடும். நேரா 5 வோல்ட் குடுத்தா நிறுத்த ஆளே இல்ல. நடுவுல ஒரு டையோடு போட்டா 4.3தானே வரும்னு சில வீடியோல சொல்றாங்க, தயவுசெஞ்சு வேண்டாம்.

இன்னொரு சந்தேகமும் இதுலயே தீத்துடறேன், ஃபாஸ்ட் சார்ஜர்ல மாட்யூலை மாட்டலாமா? மாட்டலாம். எதிர்ல இருக்கற சாதனம் பேசிக் கேட்டாதான் அது 9, 12ன்னு ஏத்தும், கேக்காதவனுக்கு 5தான்.

டிபி4056ல ரெண்டு மாதிரி வருதே, எதை வாங்கறது?

அவுட் பிளஸ், அவுட் மைனஸ்னு தனியா ரெண்டு பேட் இருக்கறதை வாங்குங்க. அதாவது பேட்டரிக்கு ரெண்டு, லோடுக்கு ரெண்டு, மொத்தம் நாலு. அதுல சார்ஜர் ஐசியோட சேத்து டிடபிள்யூ01ன்னு ஒரு குட்டி காவல் ஐசியும், அது சொன்னா கரண்ட்டை வெட்டற சுவிட்ச் மாதிரி ஒரு மாஸ்ஃபெட்டும் உக்காந்திருக்கும், செல் சுமார் 4.3 தாண்டினாலோ, 2.4க்கு கீழ போனாலோ, ஷார்ட் ஆனாலோ கட் பண்ணும். பேட்டரிக்கு மட்டும் ரெண்டு பேட் இருக்கறது வெறும் சார்ஜர், காவல் கிடையாது. விலை வித்தியாசம் ஒரு டீ காசுதான்.

ஆனா 2.4ங்கறது ரொம்பக் கீழ. அது கடைசித் தடுப்பு, தினமும் அதுவரைக்கும் இறக்கினீங்கன்னா செல் சீக்கிரம் சாகும். ஈஎஸ்பி32, ஆர்டுயினோ மாதிரி கோட் எழுதற குட்டி போர்டு போட்டா ரெண்டு 100கே ரெசிஸ்டர் வச்சு பேட்டரி வோல்டேஜை பாதியாக்கி அனலாக் பின்ல படிச்சு, 3.3 வந்ததும் தூங்கப் போற மாதிரி கோட் எழுதிடுங்க.

சின்ன பௌச் செல் (தட்டையா பை மாதிரி இருக்கறது), கெபாசிட்டி 150 எம்ஏஹெச், 300 எம்ஏஹெச் மாதிரி. அதே மாட்யூலை வைக்கலாமா?

அப்படியே வைக்கவே கூடாது. எனக்கு வர்ற போட்டோல அதிகமா பாக்கற தப்பு இதுதான், இதைப் பத்தி யாரும் பேசறதும் இல்ல, அதனால கொஞ்சம் நீட்டி எழுதறேன்.

கடைல வர்ற மாட்யூல் 1 ஆம்ப்புக்கு செட் ஆகி வருது. 2500 எம்ஏஹெச் 18650 செல்லுக்கு (லேப்டாப் பேட்டரில வர்ற உருளை செல்) அது சுகமான வேகம், மூணு மூணரை மணி நேரத்துல ஏறிடும். அதே 1 ஆம்ப்பை 150 எம்ஏஹெச் செல்லுல தள்ளினா அது தாங்கற வேகத்தை விட ஆறேழு மடங்கு. குழந்தை வாய்ல ஃபயர் சர்வீஸ் ஹோஸை வைக்கற கதை. லைட் சிவப்புல இருந்து நீலம் சீக்கிரம் மாறிடும், "சூப்பர், பத்து நிமிஷத்துல ஃபுல்"னு சந்தோஷப்படுவாங்க, நாலாவது வாரம் செல் தலையணை மாதிரி உப்பியிருக்கும்.

பொதுவா கெபாசிட்டில பாதி கரண்ட்ல சார்ஜ் பண்ணுங்க. 500 எம்ஏஹெச்னா 250 மில்லிஆம்ப். மாட்யூல்ல யூஎஸ்பிக்கும் ஐசிக்கும் பக்கத்துல அரிசி நொய் சைஸ்ல 122ன்னு எழுதின ஒரு ரெசிஸ்டர் இருக்கும், அதாவது 1.2கே, அதுதான் கரண்ட்டை முடிவு பண்ணுது. அதை எடுத்துட்டு 2கே போட்டா 580 மில்லிஆம்ப், 5கே போட்டா 250, 10கே போட்டா 130. சில போர்டுல அந்த ரெசிஸ்டர் வேற இடத்துல இருக்கும், நம்பரைப் பாத்துத் தேடுங்க. மாத்தினதுக்கு அப்புறம் மீட்டரை ஆம்ப் மோட்ல சீரிஸா வச்சு ஒரு தடவை பாத்துடுங்க, நான் ஒரு தடவை 103ன்னு நினைச்சு 102ஐ ஒட்டிட்டேன், 10கேக்கு பதிலா 1கே, குறைக்கப் போய் ஏத்தி வச்சிருக்கேன். மீட்டர் காட்டிக் குடுத்துச்சு.

மாட்யூல் தொட முடியாத அளவுக்கு சுடுது, ரிப்பேரா?

இல்ல. அது லீனியர் சார்ஜர், மிச்ச வோல்டேஜை எல்லாம் சூடாத்தான் தீத்துக்கும். செல் 3.2ல இருக்கும்போது 5 வோல்ட்ல இருந்து 1 ஆம்ப் போனா 1.8 வாட், அவ்வளவும் அந்த சின்ன சிப்ல. ரொம்ப சூடானா அதுவே கரண்ட்டை குறைச்சுக்கும். மாட்யூல் சுடறது பரவாயில்ல, செல் சுடக்கூடாது. லேசா வெதுவெதுன்னு இருந்தா சரி, அதுக்கு மேலன்னா பிடுங்குங்க. அதனாலதான் சொல்றேன், டபுள் சைட் டேப் போட்டு மாட்யூலை செல் மேலயே ஒட்டாதீங்க, எல்லாரும் அதைத்தான் செய்யறாங்க பாக்க அழகா இருக்குன்னு. செல்லை 45 டிகிரிக்கு மேல சார்ஜ் பண்ணக்கூடாது, நம்ம ஊர் மே மாசத்துல தகரக் கூரைக்குக் கீழ அது ஒண்ணும் பெரிய தூரம் இல்ல. இந்த மாட்யூல்ல வெப்பம் பாக்கற கால் கிரவுண்டுல கட்டியே வருது, அதாவது செல் எவ்வளவு கொதிச்சாலும் அதுக்குத் தெரியாது.

சார்ஜ் ஆகிட்டே இருக்கும்போது ப்ராஜெக்ட் ஓடலாமா?

ஓடும். ஆனா சிக்கல் இருக்கு. கரண்ட் பத்துல ஒரு பங்குக்கு இறங்கினாதான் சார்ஜர் நிறுத்தும்னு சொன்னேன்ல, உங்க சர்க்யூட் அதுக்கு மேல இழுத்துட்டே இருந்தா சார்ஜருக்கு எப்பவும் "இன்னும் பேட்டரி கேக்குது"ன்னுதான் தெரியும், நிறுத்தவே நிறுத்தாது, செல் நாள் முழுக்க 4.2லயே நிக்கும். என்னோட முதல் வெதர் ஸ்டேஷன் அப்படித்தான் ரெண்டு மாசம் சுவத்துல தொங்குச்சு, நீல லைட்டே வரலையேன்னு யோசிக்கல, கழட்டிப் பாக்கும்போது செல்லோட கெபாசிட்டி பாதி காணோம்.

சரியான வழி, யூஎஸ்பி இருக்கும்போது லோடு யூஎஸ்பில இருந்தும், பிடுங்கினா பேட்டரில இருந்தும் எடுக்கற மாதிரி ஒரு பி சேனல் மாஸ்ஃபெட், ஒரு ஷாட்கி டையோடு, ஒரு ரெசிஸ்டர். மூணே பார்ட்ஸ். இல்லைன்னா அந்த வசதி உள்ளயே இருக்கற மாட்யூல் வாங்குங்க.

அப்ப பவர் பேங்க் போர்டே வச்சுட்டா?

ஐபி5306 மாதிரி போர்டு நல்லாத்தான் இருக்கும், ஆனா ரெண்டு விஷயம். ஒண்ணு, 2 ஆம்ப் கிட்ட சார்ஜ் பண்ணும், சின்ன செல்லுக்கு ஆகாது. ரெண்டு, உங்க சர்க்யூட் ரொம்பக் கம்மியா கரண்ட் எடுத்தா "யாரும் இல்ல"ன்னு நினைச்சு அரை நிமிஷத்துல ஆஃப் ஆகிடும். சென்சார் தூங்கினதும் போர்டும் தூங்கிடும், யார் எழுப்பறது?

புது மாட்யூல், செல் மாட்டியாச்சு, அவுட்ல வோல்டேஜே வரலை. டூப்ளிகேட்டா?

யூஎஸ்பியை ஒரு செகண்ட் சொருகி எடுங்க, வந்துரும். காவல் ஐசிக்கு முதல் தடவை அப்படி ஒரு தட்டு தேவைப்படும். இதுக்காக மாட்யூலைக் குப்பைல போட்டவங்களை எனக்குத் தெரியும்.

செல்லோட கனெக்டரை சொருகினதும் புகை வந்துச்சு, சொருகறதுலயா தப்பு?

சொருகினது தப்பில்ல, பாக்காம சொருகினதுதான். அந்த குட்டி வெள்ளை ஜேஎஸ்டி கனெக்டர்ல சிவப்பு எந்தப் பக்கம் வரணும்ங்கறது ஒவ்வொரு விக்கறவங்களுக்கும் ஒவ்வொரு மாதிரி. ஒரே கடைல ரெண்டு தடவை வாங்கினதே எனக்கு மாறி வந்திருக்கு. மாட்யூல்ல தலைகீழ் பாதுகாப்பு கிடையாது, மாத்தி மாட்டின நொடியே சார்ஜர் ஐசி போயிடும். சிவப்பு ஒயரை நம்பாதீங்க, மீட்டர் முனையை கனெக்டர் வாய்ல வச்சுப் பாத்துட்டு சொருகுங்க. பின்னை ஊசியால நெம்பி மாத்திப் போட்டுக்கலாம், ஆனா ஒரு நேரத்துல ஒரு பின்தான், ரெண்டும் வெளிய வந்து ஒட்டிக்கிச்சுன்னா அது வேற கதை.

மூணு செல்லை சீரிஸ்ல போட்டு 12 வோல்ட் எடுக்கணும். பிஎம்எஸ் (பேக்கை காக்கற போர்டு) வாங்கிட்டேன், 12 வோல்ட் அடாப்டர் இருக்கு. போதும்ல?

போதாது. பிஎம்எஸ் சார்ஜர் இல்ல, வாட்ச்மேன். கேட்டை மூடத் தெரியும், தண்ணி பிடிக்கத் தெரியாது. 12 வோல்ட் அடாப்டருக்கு கரண்ட்டை அளந்து விடத் தெரியாது. மூணு செல்லுக்கு 12.6 வோல்ட், ரெண்டுக்கு 8.4 வோல்ட், லித்தியத்துக்குன்னே வர்ற சார்ஜர் வேணும், கரண்ட் வரம்பும் அதுல எழுதியிருக்கணும்.

அடுத்து பேலன்ஸ், அதாவது எல்லா செல்லும் ஒரே வோல்டேஜ்ல இருக்கறது. மொத்தம் 12.6 வந்துச்சுன்னா எல்லாம் 4.2ல இருக்கும்னு அர்த்தம் இல்ல. ஒண்ணு 4.35, ஒண்ணு 4.15, ஒண்ணு 4.10, கூட்டிப் பாருங்க, அதுவும் 12.6தான். முதல் செல் செத்துட்டு இருக்கு, மீட்டர் மொத்தத்துல அழகா காட்டுது. அதனால சீரிஸ் பேக்கை எப்பவும் செல் செல்லா அளக்கணும். விலை கம்மியான பிஎம்எஸ் பலதுல பேலன்ஸ் வசதி இருக்காது, வாங்கும்போது கேட்டு வாங்குங்க, இருந்தாலும் அது ரொம்ப மெதுவாத்தான் சரி பண்ணும், வேற வேற வயசு செல்லை சேத்துக் கட்டிட்டு பேலன்ஸ் பாத்துக்கும்னு விடக்கூடாது.

ஒரு புத்திசாலித்தனமான யோசனை அடிக்கடி வரும், ஆளுக்கு ஒரு டிபி4056 வச்சு மூணையும் ஒரே யூஎஸ்பில குடுத்துடலாமேன்னு. மூணு மாட்யூலோட மைனஸும் யூஎஸ்பி வழியா ஒண்ணு சேந்துடும், சீரிஸ்ல மைனஸ் எல்லாம் வேற வேற உயரத்துல இருக்கு, நேரா ஷார்ட். யோசனை நல்லது, பண்ணிடாதீங்க.

பேரலல்ல போட்டா பிரச்சினை இல்லையே?

ஒட்டறதுக்கு முன்னாடி வோல்டேஜ் ஒண்ணா இருக்கணும், 0.05 வித்தியாசத்துக்குள்ள. 4.1ல ஒண்ணும் 3.3ல ஒண்ணும் சேத்தா வித்தியாசம் 0.8 வோல்ட், நடுவுல இருக்கற ரெசிஸ்டன்ஸ் ரெண்டு செல்லுக்கும் சேத்து 0.1 ஓம் பக்கம், 8 ஆம்ப் கரண்ட் ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குப் பாயும். தனித்தனியா ஃபுல் சார்ஜ் பண்ணிட்டு அப்புறம் சேருங்க, அவ்வளவுதான்.

பழைய லேப்டாப் பேட்டரியை உடைச்சா நல்ல செல் கிடைக்குமாமே?

கிடைக்கும், நானும் எடுக்கறேன். ஆனா எடுத்ததுல பாதியைத் தூக்கிப் போடற மனசு வேணும். 2 வோல்ட்டுக்குக் கீழ போய் ரொம்ப நாள் கிடந்ததை எழுப்பாதீங்க, உள்ள இருக்கற செம்பு கரைஞ்சு வேற இடத்துல படிஞ்சிருக்கும், சார்ஜ் ஏறின மாதிரி ஏறி உள்ளயே ஷார்ட் ஆகும். மத்ததை ஃபுல் பண்ணி ஒரு வாரம் அப்படியே வைங்க, 4.2ல வச்சது 4.1க்குக் கீழ இறங்கியிருந்தா அதையும் ஒதுக்குங்க. சார்ஜ்ல சுடறதும் வேண்டாம்.

உடைக்கும்போது ஒரு விஷயம். 18650 செல்லோட பிளஸ் நடுவுல இருக்கற பட்டன் மட்டும்தான், அதைச் சுத்தி இருக்கற விளிம்புல இருந்து மீதி உடம்பு முழுக்க மைனஸ். நடுவுல இடைவெளி ஒரு மில்லிமீட்டர் சொச்சம், மேல சுத்தியிருக்கற பிளாஸ்டிக் தோல்தான் காப்பு. தோல் கிழிஞ்ச செல்லை நான் ஸ்க்ரூ டிரைவரால நெம்பி, பட்டனும் விளிம்பும் ஒண்ணா தொட்டுச்சு. நுனி உருகிடுச்சு, செல்லை பயத்துல தரையில விட்டேன், மொசைக்ல ஒரு கறுப்பு வட்டம். அம்மா இன்னும் வர்றவங்களுக்கெல்லாம் அதைக் காட்டறாங்க. ஓட்டை போட்ட காகித வளையம் ஒட்டறதுக்குன்னே விக்குது, புதுத் தோலும் விக்குது, வாங்கிப் போட்டுட்டு அப்புறம் கட்டுங்க.

9900 எம்ஏஹெச் 18650 சீப்பா கிடைக்குதே?

அந்த சைஸ்ல நல்ல கம்பெனி செல்லே 3500 பக்கம்தான். 9900ங்கறது பிரிண்ட் போட்டவர் மனசுல இருந்த நம்பர். மளிகைக் கடை டிஜிட்டல் தராசுல வச்சுப் பாருங்க, நல்ல செல் 45 கிராம் கிட்ட இருக்கும், இது ரொம்ப லேசா இருந்தா முடிவு பண்ணிக்கலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடையா இருந்தாலும் ஆன்லைனா இருந்தாலும் இதே கதைதான்.

செல்லுல நேரா ஈயம் வச்சு ஒட்டலாமா?

வேண்டாம். சூடு உள்ள போய் சீலும் பிரிப்பான் ஷீட்டும் கெடும், வெளிய ஒண்ணும் தெரியாது. முனைல நிக்கல் துண்டு வெல்ட் பண்ணியே வர்ற செல்லா வாங்கி அந்தத் துண்டுல சால்டர் பண்ணுங்க, இல்லைன்னா ஹோல்டர் போடுங்க.

டைப்-சி மாட்யூல், ரெண்டு பக்கமும் சி இருக்கற கேபிள்ல சார்ஜே ஏறலை?

சார்ஜருக்கு "நான் இருக்கேன், கரண்ட் குடு"ன்னு சொல்ற 5.1கே ரெசிஸ்டர் ரெண்டை போர்டுல போடாம மிச்சம் பிடிச்சிருப்பாங்க. பழைய ஏ டு சி கேபிள் போடுங்க, ஏறும்.

லித்தியம் ஃபெரோ பாஸ்பேட் செல்லை இதே மாட்யூல்ல?

கூடாது. அது 3.2 வோல்ட் செல், 3.65ல ஃபுல். டிபி4056 அதை 4.2 வரைக்கும் தள்ளும். டிபி5000ங்கற சார்ஜர் ஐசில 3.6க்கு மாத்திக்கற வசதி இருக்கு, அதைப் பாருங்க.

ராத்திரி சார்ஜ் போட்டுட்டுத் தூங்கலாமா?

கடைல வாங்கின போனை போடுங்க. நீங்க கட்டின பேக்கை முழிச்சிருக்கும்போது, கண்ணு முன்னாடி போடுங்க. டைல்ஸ் தரை, இல்ல ஒரு பழைய மண்சட்டி. மெத்தை, சோபா, ஸ்கிரீன் துணி பக்கம் வேண்டாம். முதல் மூணு தடவை அரை மணிக்கு ஒரு தடவை தொட்டுப் பாருங்க, நீல லைட் வந்ததும் மீட்டர் வைங்க, 4.15ல இருந்து 4.22க்குள்ள இருந்தா அந்த மாட்யூலை நம்பலாம். லைட் வந்துருச்சுங்கறது மட்டும் கணக்கு இல்ல.

உப்பிடுச்சு. ஊசியால குத்தி காத்தை எடுத்துடலாமா?

ஐயோ. குத்தினா உள்ள ரெண்டு தகடும் ஷார்ட் ஆகும். சார்ஜும் பண்ணாம, யூஸும் பண்ணாம, வெளிய எரியாத இடத்துல வைங்க.

உஸ்ஸுன்னு சத்தம், நெயில் பாலிஷ் மாதிரி ஒரு இனிப்பு வாசனை வந்துச்சுன்னா நேரம் இல்லைன்னு அர்த்தம். மெயின் ஸ்விட்சை அணைக்க முடிஞ்சா அணைச்சுட்டு எல்லாரும் ரூமை விட்டு வெளிய வாங்க, அந்தப் புகை நுரையீரலுக்கு விஷம், கைல எடுத்து வீரம் காட்ட வேண்டாம். லித்தியத்துல தண்ணி பட்டா வெடிக்கும்னு ஒரு பயம் இருக்கு, அது சுத்த லித்தியம் உலோகத்துக்கு. இந்த மாதிரி சின்ன செல்லுக்கு, கரண்ட் அணைச்சதுக்கு அப்புறம், தள்ளி நின்னு நிறைய தண்ணி ஊத்தினா சூடு இறங்கும், சூட்டை இறக்கறதுதான் வேலை. மணல் பொறியைத் தடுக்கும், சூட்டை அவ்வளவா எடுக்காது. பெருசா போச்சுன்னா கதவைச் சாத்திட்டு 101 இல்லைன்னா 112.

ரொம்ப நாள் யூஸ் பண்ணலைன்னா? செத்த செல்லை எங்க போடறது?

ஃபுல்லாவும் வைக்காதீங்க, காலியாவும் வைக்காதீங்க, 3.7, 3.8ல வச்சு குளிர்ச்சியான இடத்துல வைங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவை அளங்க.

செத்ததை வீட்டுக் குப்பைல போடக்கூடாது, குப்பை லாரில நசுங்கினா அங்கயே பத்திக்கும், அள்ளறவங்க கை அது. 2022ல வந்த பேட்டரி கழிவு விதிப்படி திரும்ப வாங்கிக்கற பொறுப்பு தயாரிக்கறவங்களோடது, ஈ-வேஸ்ட் வாங்கற இடம் பக்கத்துல எதுன்னு விசாரிச்சு மொத்தமா குடுங்க. அதுவரைக்கும் ரெண்டு முனையிலயும் இன்சுலேஷன் டேப். என் ரூம் வாசல்ல ஒரு பெயிண்ட் டப்பால மணல் போட்டு வச்சிருக்கேன், இப்போ அதுல பதினோரு செல் இருக்கு, ஒவ்வொண்ணு மேலயும் மாஸ்கிங் டேப்ல தேதியும் கடைசியா அளந்த வோல்டேஜும் எழுதியிருக்கும், மொசைக்கைக் கறுப்பாக்கினதும் அதுலதான் கிடக்கு.